செண்பகராஜ் அண்ணாச்சியின் கூடுதல் திருகு

செண்பகராஜ் அண்ணாச்சி எதை முடுக்கினாலும், முடுக்கி முடித்த பிறகு இன்னும் ஒரு திருகு கொடுப்பார். குழாயை அடைத்தால் அடைத்த பின் ஒரு முறுக்கு. ஃபேன் ரெகுலேட்டரை ஐந்தில் வைத்த பிறகும் குமிழை வலப்பக்கம் ஒரு நெட்டு நெட்டுவார், உள்ளே ஆறு என்று ஓர் எண் ஒளிந்திருப்பது போல. நான் எட்டாவது படிக்கும்போது என் சைக்கிள் சீட் ஆடுகிறது என்று அவரிடம் கொண்டுபோனேன். அவர் முடுக்கிக் கொடுத்த பிறகு அதைக் கோவில்பட்டியில் யாராலும் கழற்ற முடியவில்லை. நான் வளர்ந்தேன், சீட் வளரவில்லை. பன்னிரண்டாவது முடிக்கும் வரை முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்கத்தான் பள்ளிக்கூடம் போனேன்.

அவருடைய அப்பா கயத்தாறில் மாவு மில் வைத்திருந்தவர். மில்லில் உட்கார அண்ணாச்சிக்குப் பொறுமை இல்லை. கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கப் போனார். பிறகு பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு மாடியறையைப் பிடித்து, எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, சிடி போட்டுக் கொடுக்கும் மிக்ஸிங் கடை வைத்தார். எங்கள் தெருக்காரர் என்பதால் நான் அங்கே வேலைக்குப் போனேன். கம்ப்யூட்டர் சயின்ஸில் பட்டம் வாங்கியிருந்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் அது. அம்மா பாலம்மாள் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைத்துப் படிக்க வைத்தது. வேலைக்கு எழுதிப்போட்டுக்கொண்டே, அண்ணாச்சி கடையில் மணமக்கள் பெயரைப் பூவேலைப்பாட்டுக்கு நடுவில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். "மூணு வருசம் என்னதான் படிச்ச?" என்று யாராவது கேட்டால் பாடங்களின் பெயரைத்தான் சொல்ல முடிந்தது. படித்ததைக் கொண்டு யாருக்கு என்ன செய்யத் தெரியும் என்று எனக்கே தெரியவில்லை.

2005 ஆவணியில் உமாராணி கல்யாணம் வந்தது. புதூர்ப் பக்கத்துப் பெண். ஆபீஸ் வேனில் வந்து அம்மாவோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து பெட்டி அடைத்தவள். அவளுடைய அப்பா சோலைச்சாமி ஆடு வைத்திருப்பவர். கல்யாணத்துக்கு ஆபீஸ் பெண்கள் அந்த வேனிலேயே ஊருக்குப் போனார்கள். அண்ணாச்சி அவர்களை வேப்பமரத்தடியில் ஒவ்வொருவராக நிறுத்தி, கேமராவைப் பார்த்து ஒரு வாழ்த்துச் சொல்லச் சொன்னார். வெட்கப்பட்டுச் சிரித்து, ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டு, கடைசியில் எல்லோரும் சொன்னார்கள். அம்மா நீலச் சேலையில் நின்று, "இனிமே இந்த மருந்து நாத்தம் உனக்கு வேண்டாம் தாயி" என்றது.

ஆவணியில் முகூர்த்தம் அடுத்தடுத்து இருக்கும். மிக்ஸிங் கடைகளில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. கேமரா டேப்பில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால், அதே டேப் அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடும். உமாராணி தாலி கட்டிக்கொண்ட டேப்பில் இப்போது மணியாச்சியில் வேறு யாரோ தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள். உமாராணியின் கல்யாணம் உலகத்தில் அந்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள்தான் இருந்தது.

அப்போதுதான் பெட்டி கிறுக்குப் பிடித்தது போல நடக்க ஆரம்பித்தது. மாலை மாற்றும் இடத்தில் மாப்பிள்ளையின் கழுத்திலிருந்து பச்சையாக ஒரு முக்கோணம் கிளம்பித் திரையின் ஓரம் வரை நீண்டது. பெண்ணின் முகம் சதுரம் சதுரமாக உதிர்ந்தது. பிறகு எல்லாம் அப்படியே உறைந்து நின்றது. அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி முக்கோணம்.

ரோஜா இதழ் பறக்கிற புது எஃபெக்ட்டுகளுக்காக அண்ணாச்சி அப்போதுதான் ஒரு புதுக் கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டியிருந்தார். பழைய கார்டு இருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. ஆகவே புதுக் கார்டுதான் பழுது என்று மதுரைக்கு பஸ் ஏறிப் போய் மாற்றிக்கொண்டு வந்தார். மாற்றிய கார்டும் அதே முக்கோணத்தைப் போட்டது. நான் டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டேன். வைரஸ் பார்த்தேன். மெமரியைக் கழற்றி அதன் காலை ரப்பரால் தேய்த்து மாட்டினேன். கரிசல் புழுதி உள்ளே அப்பியிருந்தது, அதைப் பிரஷ்ஷால் கூட்டி அள்ளினேன். ஒன்றுக்கும் அது மசியவில்லை.

"அந்த மேலரத வீதி மிக்ஸிங் கடையில இதே சாஃப்ட்வேர் இருக்குலா அண்ணாச்சி? ஹார்ட் டிஸ்க்கக் கழட்டிக் கொண்டுபோயி…"

"அந்தப் போட்டிக்காரங்கிட்டயா? அதுக்கு நான் மில்லுக்குப் போயி மொளகாத்தூள்லயே முங்கிச் செத்துருவேன்."

மறுநாள் மத்தியானம் சோலைச்சாமி வந்துவிட்டார். கம்பை வாசல் மூலையில் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தம்பி, பிள்ள நாளைக்கு மாப்பிள்ளையோட பம்பாய்க்கு வண்டியேறுது. படத்த அவ கையில குடுத்துவிட்டா எனக்கு நிம்மதி. இனி எப்ப வருவாளோ."

"ரெடியாய்க்கிட்டே இருக்கு அண்ணாச்சி" என்றார் செண்பகராஜ் அண்ணாச்சி.

"படம் இருக்குலா?"

"இருக்கு, இருக்கு."

சொல்லும்போது அண்ணாச்சி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பி வைத்தார். ஃபேனின் குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருப்பினார். பிறகு, வழக்கம்போல, அதற்கு மேலும் ஒரு நெட்டு.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு என் சைக்கிள் சீட் ஞாபகம் வந்தது.

"அண்ணாச்சி, இந்தப் பெட்டியில ஏதும் திருகுனீங்களா?"

"இதுல திருகுறதுக்கு என்னட்டி இருக்கு?"

"அண்ணாச்சி…"

அவர் பிடரியைச் சொறிந்தார். "பங்குனியில கொஞ்சம் ஏத்தி வச்சேன். மதுரையில மதர்போர்டு வித்தவன்தான் இடத்தக் காட்டுனான். நம்பரக் கூட்டுனா வேகம் கூடும்னான். கூடிச்சே! ஆனா அது பிராசஸருக்குத்தான், பிரியா. கார்ட நான் தொடவே இல்ல. செண்பகவல்லி அம்மன் மேல சத்தியம்."

பெட்டியை அணைத்துப் போட்டு, அது எழும்புவதற்குள் பொத்தானை அமுக்கி, வேக எண்கள் இருக்கும் நீலத் திரையைக் கொண்டுவந்தேன். பிராசஸர் வழியின் வேகம் 133 இருக்க வேண்டிய இடத்தில் 150 என்று இருந்தது. என் இங்கிலீஷ் வேகமானது இல்லை. ஒவ்வொரு வரியாக வாயசைத்துப் படித்துக்கொண்டே இறங்கினேன். கீழே, மங்கலான எழுத்தில், கிராபிக்ஸ் கார்டு உட்காரும் வழியின் வேகம் 75 என்று இருந்தது. அது 66 இருக்க வேண்டும். கல்லூரியில் மதர்போர்டின் இந்த வழிகளைப் பத்து மார்க்குக்காகப் படமாக வரைந்திருக்கிறேன், அதனால்தான் ஞாபகம் இருந்தது. மேலே இருந்த எண்ணைக் குறைத்தேன். கீழே இருந்த எண் நான் தொடாமலே தானாக இறங்கியது.

"அண்ணாச்சி, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கட்டிக் கெடக்கு. நீங்க மேல கூட்டுனா கார்டுக்கும் கூடும். பழைய கார்டு தாங்கிருச்சு. இது தாங்கல."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடப் பாவி! மில்லு ஷாஃப்டுல்லா இது! ஒரே மோட்டாரு, ஒரே ஷாஃப்டு. மாவு சீக்கிரம் அரையட்டும்னு மோட்டார முடுக்குனா மொளகாக் கல்லும் சேந்துல்லா பறக்கும். எங்கய்யா இதுக்கே என்னய அடிச்சிருக்காரு."

"என்ன தம்பி, மில்லுங்கிய, மொளகாங்கிய?" என்றார் சோலைச்சாமி.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. உங்க பிள்ள கல்யாணம் கொஞ்சம் வேகமா ஓடிருச்சு. இப்ப நடக்கும்" என்றார் செண்பகராஜ் அண்ணாச்சி.

எண்ணை 133-ல் விட்டேன். அண்ணாச்சியின் விரல் கீபோர்டு பக்கம் வந்தது. நான் தட்டிவிட்டேன்.

மாலை மாற்றும் இடத்தைப் போட்டோம். மாப்பிள்ளையின் கழுத்தில் மாலை மட்டும்தான் இருந்தது. ரோஜா இதழ்கள் பறந்தன. தாலி கட்டும் இடம் வந்தது, கெட்டிமேளம் கேட்டது, சதுரம் எதுவும் உதிரவில்லை. சோலைச்சாமி ஸ்டூலை இழுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். மகளைப் பார்ப்பார் என்று நினைத்தேன். "அங்கன நிக்கது நானா? எவம்லே எனக்கு இந்த வேட்டியக் கட்டிவிட்டது?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். அண்ணாச்சி ஜன்னல் பக்கம் போய் நின்று ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுதாகக் குடித்தார்.

கண்டுபிடித்தது படிப்பா, அவர் ஃபேனை நெட்டிய நெட்டா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். இரண்டும் சேர்ந்துதான் இருக்க வேண்டும். ஆனால் வரைந்து மார்க் வாங்கிய ஒரு படத்தால் ஒருவர் மகளின் கல்யாணம் தப்பியது என்பது, அந்த வருடம் வந்த எந்த நேர்முகத் தேர்வு அழைப்பை விடவும் எனக்குத் தெம்பாக இருந்தது.

சாயங்காலம் சிடி தயாரானது. ஒரே ஓர் இடம் தவிர. பெட்டி கிறுக்காக இருந்த நாட்களில் ஏற்றிய ஒரு துண்டு உள்ளேயே கெட்டுப்போயிருந்தது. திரும்ப ஏற்ற டேப் இல்லை. வேப்பமரத்தடியில் ஆபீஸ் பெண்கள் வாழ்த்திய துண்டு. நீல நிறத்தில் சில சதுரங்கள் நகர்ந்தன. "இனிமே இந்த" என்று ஒரு குரல் கேட்டு அறுந்தது. அண்ணாச்சி அதை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ரோஜா இதழ்களைப் பறக்கவிட்டார்.

ஒளிக்காமல் அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்.

"அக்கா, நானே உங்க ஆபீஸுக்கு வந்து அத்தன பேரையும் திரும்ப எடுத்து, உமாராணிக்குத் தனி சிடியா அனுப்பி வைக்கேன். இந்த முகூர்த்தம் முடியட்டும்."

"வேன்ல போயி, பவுடரு போட்டு, வெயில்ல நின்னது அம்புட்டும் போச்சாக்கும்? சரி, எடுத்துக் குடும் தம்பி. சொன்னத நான் மறக்கல, அப்படியே சொல்லிருவேன்."

அது நடந்து நாலு வருடம் ஆகிறது. எனக்குத் திருநெல்வேலியில் ஒரு வேலை கிடைத்து ஞாயிறுக்கு ஞாயிறு வந்து போகிறேன். மிக்ஸிங் தொழில் சுருங்கி, அண்ணாச்சி இப்போது கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் கண்காணிப்புக் கேமரா மாட்டிக் கொடுக்கிறார். போன மாதம் அம்மா வேலை செய்கிற ஆபீஸ் வாசலிலேயே ஒன்று மாட்டினார். அம்மாவும் மற்றவர்களும் ஏணியைச் சுற்றி நின்றுகொண்டு கேட்டிருக்கிறார்கள்.

"இதுல நாங்க தெரிவோமா தம்பி?"

"தெரிவீக அக்கா. ஆனா இது அந்தக் கணக்குல சேராது."

"அப்ப அது எப்ப? உமாராணி போன் போடும்போதெல்லாம் கேக்கா. வேன்ல வந்ததுல ரெண்டு பேரு இப்ப வேலைக்கே வரதில்ல."

அண்ணாச்சி கேமராவின் கடைசித் திருகாணியை முடுக்கி, அதற்கு மேல் இன்னும் ஒரு திருகு கொடுத்துவிட்டு, ஏணியிலிருந்து இறங்கினாராம்.

"இந்த முகூர்த்தம் முடியட்டும் அக்கா."