ஒரே சைஸ் தோட்டா

ஷார்ஜாவில், பணம் கட்டித் துப்பாக்கி சுடும் இடமொன்றில்தான் அவரைப் பார்த்தேன். மதுரைக்காரர், ஏசி கம்பெனி மேனேஜர். குட்டை உருவம், பெரிய மீசை. சுடுவதற்கு முன் ஒவ்வொரு தோட்டாவையும் சுண்டுவிரலோடு வைத்து அளந்து பார்ப்பார்.

“ஒரே சைஸ நம்பவே கூடாது சார். ஒரு ஆபத்துன்னு வந்தா, கடைக்காரன் அந்தத் தோட்டாவத்தான் ‘மாஃபி’, இல்லேம்பான். சின்னதுக்கு ஒண்ணு, பெருசுக்கு ஒண்ணுன்னு கையில ரெண்டு மூணு துப்பாக்கி இருக்கணும்.”

“உங்க வீட்டுல எத்தனை இருக்கு?”

“நமக்கு இங்க யாரு சார் லைசன்ஸ் தர்றா?” என்று வெடித்துச் சிரித்தவர், டீ குடிக்க வீட்டுக்கு அழைத்துப் போனார்.

அங்கே அவர் மறுபடி தோட்டாப் பேச்சைத் தொடங்கியபோது, ஒரு கரப்பான்பூச்சி எங்களை நோக்கிப் பறந்து வந்தது. மனிதர் ஒரே தாவில் சோபா மேல் ஏறி நின்று, “ஏய், சீக்கிரம் வா!” என்று அலறினார். சமையலறையிலிருந்து வந்த அவர் மனைவி, வாசலில் கிடந்த அவருடைய செருப்பை எடுத்து ஒரே போடு போட்டார்.

“சின்னதோ பெருசோ, எங்க வீட்டுல இந்த ஒரு சைஸ்தாண்ணே” என்று சொல்லிவிட்டு டீ எடுக்கப் போனார்.

மேனேஜர் மட்டும் சோபாவை விட்டு இறங்கவில்லை.

“இன்னொண்ணு இருக்கும் சார்.”

நானும் மெல்லக் காலைத் தூக்கிச் சோபாவில் வைத்துக்கொண்டேன்.