மேல் ஈறில் ஒரு வீக்கம்

மகளுக்கு அப்போது ஐந்து மாதம். பால் குடித்துவிட்டு வாயைத் திறந்தவளின் மேல் ஈறில் கருநீலமாக ஒரு வீக்கத்தைப் பார்த்தேன். திருவாரூரில் காட்டிய டாக்டர், "பல்லு வருதும்மா, பயப்படாதீங்க" என்றார். நம்பினேன். மாதம் முடிவதற்குள் அவளுடைய மேலுதடு தூக்கிக்கொண்டது. காம்பைப் பிடிக்க முடியாமல் பசியில் வீறிட்டாள்.

கணவர் சார்ஜாவில் வேலை பார்த்தார். வீடியோவில் பேசும்போது பிள்ளையை என் தோளில் சாய்த்துப் பின்னந்தலையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள், "முகத்தைக் காட்டும்மா" என்றார். காட்டினேன். "உடனே தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றார்.

அண்ணன் கூட வந்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா பிள்ளையையே பார்த்துவிட்டு, மாசமாக இருக்கும்போது கிரகணத்தில் வெளியே போனாயா என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வழியெல்லாம் ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தார்கள். வண்டி ஊர்ந்துதான் போனது.

துளி சதை எடுத்துப் பரிசோதித்த பிறகு, அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"புற்றுநோய் இல்லைம்மா. அபூர்வமா சில குழந்தைங்களுக்கு வர்ற கட்டி. ஆனா எலும்பை அரிச்சுக்கிட்டே வேகமா வளருது. மேல்தாடையில கொஞ்சம் எலும்பையும் சேர்த்து எடுக்கணும். அதுக்குள்ள இருக்கிற பல்லும் போயிடும்."

"திரும்ப வருமாங்க?"

"சில பேருக்கு வரும்."

புற்றுநோய் இல்லை என்றதும் அண்ணன் அழுதுவிட்டான். எனக்கு அழுகை வரவில்லை. கெட்டது இல்லை என்றால் எதற்கு என் பிள்ளையின் முகத்தை வெட்டுகிறார்கள் என்றுதான் மனதில் ஓடியது.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் கணவர் வந்து இறங்கினார். மூக்கில் குழாயோடு கிடந்த மகள் தன் அத்தாவைப் பார்த்ததும் மிரண்டு என் பக்கம் திரும்பினாள். அவர் வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டார்.

சில மாதங்களில் கட்டி திரும்ப வந்தது. அதே இடத்தில், துவரை அளவில். மறுபடியும் எடுத்தார்கள். அதற்குப் பிறகு இதுவரை வரவில்லை. கணவர் சார்ஜாவுக்குத் திரும்பவில்லை. கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருக்கிறார்.

இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், ஓயாமல் பேசுகிறாள். மேலுதடு மட்டும் ஒரு பக்கம் உள்ளே இழுத்திருக்கும். போன வாரம் பள்ளியிலிருந்து வந்து, "எல்லாருக்கும் முன்பல்லு விழுந்து முளைக்குதும்மா, எனக்கு எப்ப முளைக்கும்?" என்று கேட்டாள். முளைக்கவேண்டிய பல்லைக் கட்டியோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

"வளர்ந்ததும் டாக்டரம்மா புதுப் பல்லு வச்சிடுவாங்க" என்றேன்.

"வலிக்குமா?"

அத்தா கடையிலிருந்து வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்று சோறு பிசையப் போய்விட்டேன்.