ஒரு தடவை மட்டும் ஒளிர்ந்த குழி

ஆவி, பேய் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது, நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். செனாவாங் டவுனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. நிஜக் கொரோனா கிருமியைத் தொடாமலேயே அது உயிரணுவுக்குள் எப்படி நுழைகிறது என்று பார்க்கிறோம். கொரோனாவின் முள் புரதத்தை மட்டும் மேலே போர்த்திய ஒரு பொய்க்கூடு, உள்ளே மின்மினிப் பூச்சியின் ஒளி மரபணு. உயிரணுவுக்குள் ஒரே ஒரு தடவை நுழையும், நுழைந்த இடம் ஒளிரும், அவ்வளவுதான், பெருகாது, யாருக்கும் தொற்றாது.

இதை அம்மாவிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அப்பா கோவிட்டில் போனவர். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், பெடாஸ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து வீட்டு வாசலுக்கு அவர் திரும்பி வரவே இல்லை. "அந்தக் கிருமியத் தொடுற கையால அவருக்குப் படைக்காத" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு திதிக்கும் நான் தள்ளி நின்றுதான் கும்பிடுவேன், பெற்ற அப்பாவுக்கு ஒரு பிடி சோறு வைக்க முடியவில்லையே என்று ஆதங்கமாக இருக்கும்.

இந்த வருஷத் திதியன்று லீவும் கிடைக்கவில்லை. மத்தியானம், குழி குழியாக இருக்கும் சோதனைத் தட்டைக் கருவிக்குள் வைத்து ஒளியை அளந்தேன். அந்தப் பொய்க்கூடுகளே ஊற்றாத, வெறும் உயிரணு மட்டும் இருக்கிற வரிசையில் ஒரு குழி பளிச்சென்று ஒளிர்ந்தது. கை தவறிச் சிந்திவிட்டேன் போல என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடி அளந்தால், இருட்டு. நம்பினால் நம்புங்கள், அந்த ஒளி மெல்ல மெல்லத்தான் மங்கும், அப்படி ஒரேயடியாக அணையாது. கருவிக் கோளாறு என்று மனதைத் தேற்றிக்கொண்டு, வேலை முடிந்ததும் மோட்டார் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. படையல் இலை முன்னால் அம்மா உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் இலை போடும்போது வெளியே அப்பா குரல் கேட்டதாம், 'ஏ புள்ள' என்று, ஒரே தடவை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், முதல் குரலுக்குக் கதவைத் திறக்கக் கூடாது, செத்தவர்கள் ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள், மறுபடி கூப்பிட்டால்தான் அது மனுஷர். தெரிந்துமா திறந்தாய் என்று கேட்டேன்.

"தெரிஞ்சுதான் தொறந்தேன்லா. விட்டா இன்னொரு தடவ கூப்பிட மாட்டாரே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தட்டில் நடந்ததை நான் சொல்லவே இல்லை. அம்மாவே கரண்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நீயே சோறு வை. பசியோட வந்திருக்காரு."

அந்தக் குழி ஏன் ஒளிர்ந்தது என்று இன்றுவரை தெரியாது, அதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் அன்றிலிருந்து அம்மா வாசல் கதவைச் சாத்தும்போது "தள்ளிக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சாத்துகிறாள். போன வாரம் அவள் கோயிலுக்குப் போயிருந்தாள், நான் சாத்தப் போனேன், கதவு பாதியில் நின்றுவிட்டது. கீழே குனிந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. நிமிர்ந்து, "தள்ளிக்குங்கப்பா" என்றேன். சாத்திக்கொண்டது.