காப்பி கிளப்புக்கு எழுதிய பலகை

அன்று அங்கே இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் போர்டு எழுதக் கற்றுக்கொடுத்த மாஸ்டர். காப்பி கிளப் முதலாளி. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மாரன். ஏணி மேல் நான்.

சேலத்தில் ஆறு மாதம் அந்தத் தொழில் பழகினேன். கோடு இழுக்க, எழுத்துக்கு இடைவெளி விட, நிழல் கொடுக்க அங்கேதான் கற்றேன். முதன்முதலாகத் தனியாக எழுதியது அந்த வாசல் பலகை. சிவப்பு எழுத்து, கறுப்பு நிழல். மாஸ்டர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "பரவால்லடா, கை வந்திருச்சு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாரனும் அண்ணாந்து பார்த்தார். அவருக்கு என் அப்பா வயது. நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"எழுத்து முத்து முத்தா இருக்குதுங்க சாமி. என்னனுங்க எழுதியிருக்குது?"

அதுவரை நான் எழுத்தின் வடிவத்தைத்தான் பார்த்திருந்தேன். அப்போதுதான் படித்தேன். "கடை பேருதான் மாரா" என்றேன்.

முதலாளி சிரித்தார். "பொய் எதுக்குத் தம்பி? அவனுக்குன்னுதான எழுதச் சொன்னேன். சத்தமாப் படி."

மாஸ்டர் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் படித்தேன்.

"பஞ்சமர்கள் உள்ளே வரக்கூடாது."

மாரனின் சனங்களை அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதுவார்கள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "பாத்து எறங்குங்க சாமி, கடைசிப் படி ஆடுது" என்றார். நான் தரையில் கால் வைக்கும்வரை ஏணியை விடவில்லை.

அன்றே அந்த வேலையை விட்டிருந்தால் இதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கும். விடவில்லை. என் எழுத்தைப் பார்த்து மற்றக் கடைக்காரர்களும் அதே வாசகத்தைக் கேட்டார்கள். எழுதிக்கொடுத்தேன். அந்த ஆறு மாதத்தில் மொத்தம் ஒன்பது பலகை.