ஒன்பது 'பி'-யின் ஷிப்ட் மீட்டிங்

ஒரகடம் பக்கத்து அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த முதல் நாளே, ஒரு விடைத்தாள் என் கண்ணெதிரே சுக்குநூறானது. கிழித்தவள் ஒன்பதாம் வகுப்பு தேவி. எச்.எம். அலட்டிக்கொள்ளவில்லை.

"எல்லா டெஸ்ட்லயும் இதே கதைதான் டீச்சர். அரையாண்டுலயும் கிழிச்சா டி.சி. குடுத்து அனுப்பிடுவேன். பத்தாவது போய் நம்ம ரிசல்ட்ட கெடுத்தா யாரு பதில் சொல்றது?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏன் கிழிக்கிறாள் என்று யாருமே கேட்டதில்லை. நான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்று நழுவிவிட்டாள்.

பிள்ளைகளில் பலருடைய அப்பா அம்மா புதிதாக வந்த கம்பெனிகளில் வேலை பார்த்தார்கள். அங்கே ஷிப்ட் தொடங்கும்முன் உற்பத்தி லைன் பக்கத்தில் வட்டமாக நின்று, எந்த மெஷின் மக்கர் பண்ணுகிறது, யாருக்கு உடம்பு சரியில்லை என்று பேசிவிட்டுத்தான் வேலையைத் தொடுவார்கள். அதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவந்தேன். பாடத்துக்கு முன் வட்டமாக நின்று, இன்று மனசு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். நானும்தான். யாரும் சிரிக்கக் கூடாது. ஸ்டாஃப் ரூமில் எனக்கு 'சூப்பர்வைசரம்மா' என்று பெயர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும்.

"நல்லா கீது டீச்சர்" என்று முதலில் எல்லாரும் ஒப்பித்தார்கள். போகப் போக வீட்டுச் சண்டை, தனிமை எல்லாம் வெளியே வந்தது. தேவி மட்டும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். அரையாண்டு நெருங்கிய ஒரு நாள் வாயைத் திறந்தாள்.

"பயமா கீது டீச்சர். கொஸ்டின் பேப்பர பாத்தாலே எழுத்தே தெரில. அப்பால எல்லார் முன்னாடியும் மார்க்க படிப்பாங்க. அதுக்கு கிழிச்சிட்டு அடி வாங்கறதே மேலு."

வகுப்பிலேயே பெரிய வாயாடி முருகன். "எனக்கும் பயமாத்தான் கீது தேவி. சவுண்டு வுட்டு மறைச்சிக்கினு கீறேன்" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

மார்க்கைச் சத்தமாக வாசிக்கும் வழக்கத்தை என் வகுப்பில் அன்றோடு நிறுத்தினேன். டெஸ்ட் என்றால் முதலில் பேனாவைக் கீழே வைத்து, நிதானமாக மூச்சு விட்டு, தெரிந்த கேள்வியைத் தேட வேண்டும். தினமும் பழகினோம்.

கணக்குப் பரீட்சையன்று எச்.எம். வராந்தாவிலேயே நின்றார். தேவி கேள்வித்தாளை எடுத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். எனக்கு உயிரே போய் வந்தது. தாளைக் கவிழ்த்து வைத்தாள், கண்ணை மூடி மூச்சு விட்டாள், பிறகு எழுத ஆரம்பித்தாள். மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. "இன்னும் ஒரே ஒரு கணக்கு டீச்சர்!" என்று கெஞ்சினாள்.

பாஸ்! ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். டி.சி. பேச்சு அதோடு ஒழிந்தது.

பள்ளிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்த அன்று காலை, எச்.எம். தயங்கித் தயங்கி எங்கள் வட்டத்தில் வந்து நின்றார். "எனக்கு இன்னிக்கு ரொம்ப பயமா இருக்கும்மா" என்றார்.

தேவி நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். "மூச்ச இழுத்து வுடுங்க சார். தெரிஞ்ச கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லுங்க."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சாக்பீஸை எடுக்கும் முன் வட்டமாக நில்லுங்கள். உங்கள் பயத்தையும் சொல்லுங்கள்.