அவர் மோந்து பார்த்த ஜெரேனியம்

என் கணவர் புதுக்கோட்டையில் கல்யாண வீடுகளுக்குப் பன்னீரும் அத்தரும் கலந்து கொடுத்துவந்தார். அசல் ரோஜா அத்தர் ஒரு சொட்டுதான் விழும். மீதி மணமெல்லாம் ஜெரேனியம் என்ற செடியின் இலையிலிருந்து எடுக்கும் எண்ணெயில் வருவது. மெட்ராஸிலிருந்து சீசாவில் வரும். திறந்ததும் பச்சை இலையைக் கசக்கிய வாடை அடிக்கும். சற்றுப் பொறுத்தால் ரோஜா எழும்பும். எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பது அவர் மூக்குக்குத் தெரியும்.

1950களின் தொடக்கத்தில் அவருக்கு விஷக் காய்ச்சல் கண்டது. பிழைத்து எழுந்த அன்றே கலவை அறைக்குள் போனார்.

"இந்தச் சரக்கு செத்துப்போச்சு. ஒண்ணுமே வரல."

நான் வாங்கி மோந்தேன். முகத்தில் அறைந்தது மணம்.

"நல்லாத்தாங்க இருக்கு."

சந்தனத்தைத் திறந்தார், தாழம்பூவைத் திறந்தார், கற்பூரத்தை மூக்கில் வைத்துத் தேய்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். "வெளிய யாருக்கும் சொல்லிராத" என்றார்.

அந்த மாதமே திருமயம் பக்கத்து ஊரொன்றில் பெரிய கல்யாணம். புது சீசா வந்திருந்தது. கைக்கணக்கிலேயே கலந்தார். எனக்கு வாடை பிடிக்கவில்லை.

"என்னமோ எண்ணெ வாடை வருதுங்க. வேணாம்."

"தொழில் எனக்குத் தெரியுமா, ஒனக்குத் தெரியுமா?"

அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்ததும் வந்தவர்கள் முகத்தைத் துடைத்தார்கள். உள்ளேயிருந்து ஓர் ஆச்சி வந்து, பன்னீரைப் பாத்திரத்தோடு எடுத்துப் போய்க் கிணற்றடியில் கொட்டினார். என் கணவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கூட வந்திருந்த என் பக்கம் திரும்பினார்.

"என்ன வாடை வருது? நெசத்தச் சொல்லு."

"டர்பன்டைன்."

பெயின்ட் கரைக்கிற அந்த எண்ணெயை யாரோ ஜெரேனியத்தில் கலந்திருக்கிறார்கள். முன்பென்றால் மூடியைத் திருகும்போதே கண்டுபிடித்திருப்பார்.

அதன் பிறகு மோப்பம் திரும்ப, மஞ்சளைச் சுட்டு மூக்கில் புகை பிடித்தார். மிளகுப் பொடியை உறிஞ்சினார். மூக்கில் ரத்தம் கொட்டியது. டாக்டர், "வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்றார். வீட்டுக்கு வந்து, "இந்த மூக்க வச்சுக்கிட்டு நான் எதுக்கு உசுரோட இருக்கணும்?" என்று சுவரில் முட்டிக்கொண்டார். கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து எடுத்து ஒளித்துவைத்தேன். அக்கம்பக்கத்து வீடுகளில் தண்ணீர் வாங்கித்தான் சமைத்தேன்.

ஒரு காலை, காகிதத் துண்டில் ஜெரேனியத்தைத் தொட்டு எடுத்துக்கொண்டு அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"நான் மோந்து சொல்றேன். நீங்க அளவு சொல்லுங்க."

"என்ன வருது?"

"எலை... கொஞ்சம் புதினா..."

"அப்பறம்?"

எனக்குச் சொல் வரவில்லை. காகிதத்தைப் பிடுங்கி எறிந்தார். மறுநாளும் உட்கார்ந்தேன். ஆறு மாதமாயிற்று, நான் சொல்வது அவருக்குப் புரிய. பழைய வாடிக்கை வீடுகள் சில திரும்பி வந்தன. திருமயத்து வீடு கடைசிவரை வரவில்லை.

அவருக்கு மூக்கு திரும்பவே இல்லை. மகள் பிறந்தபோது, அவள் உச்சியில் முகத்தைப் புதைத்து வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "எப்படி வருது?" என்றார்.

"பால் வாடைங்க" என்றேன்.

"அது தெரியும். வேற?"