மணிமொழி மாசமாக இருந்த கோடை

திருவண்ணாமலையில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்குப் பௌர்ணமி என்றாலே பயம். ஊருக்கெல்லாம் அது சாமி நாள். ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் கார் காராக ஜனம் வந்து மலையைச் சுற்றிவிட்டு, காலை நீட்டிப் படுக்க ஓர் அறை தேடும். ஒரு குடும்பம் மாதம் முழுக்க இருந்து கொடுக்கிற வாடகையை அந்த இரண்டு நாளில் எடுத்துவிடலாம் என்று ஒரு வீட்டுக்காரருக்குத் தெரிந்ததுதான் தாமதம், தெரு முழுக்கப் பரவிவிட்டது. கட்டில் போட்டார்கள், ஏசி மாட்டினார்கள், தெலுங்கில் போர்டு எழுதி வைத்தார்கள். மிச்சம் இருந்த வீடுகளின் வாடகை கிடுகிடுவென்று ஏறியது. குடியிருந்தவர்கள் வேங்கிக்காலுக்கு அப்பால், அதற்கும் அப்பால் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். அண்ணாமலையாரைக் குறை சொல்ல முடியுமா? அவர் பாட்டுக்கு இருக்கிறார்.

மணிமொழி பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம், வேர்க்கடலை போடுகிற குடும்பத்தில். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பாவும் அண்ணன்களும் அதட்டத் தெரிந்த அளவுக்குக் கொஞ்சத் தெரியாதவர்கள். குமரேசனைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தவள், ஒரு பாத்திரக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சீர்வரிசை எடுக்க வருகிறவர்களிடம் முகம் சுளிக்காமல் அண்டாவிலிருந்து கரண்டி வரை இறக்கிக் காட்டுகிற வேலை. சுற்றுவட்டாரக் கல்யாணங்களில் பாதிக்கு அவள் எடுத்துக் கொடுத்த குடம்தான் போயிருக்கும். இப்போது வயது நாற்பதைத் தொடப்போகிறது. மகள் கவிநிலா ப்ளஸ் டூவுக்குப் போகிறாள். குமரேசன் கீழ்பென்னாத்தூர் ரூட்டில் பிரைவேட் பஸ் ஓட்டுகிறான். தங்கமான மனுஷன். பதட்டம் வந்தால் மட்டும் வாய் முந்திக்கொள்ளும்.

அவர்கள் குடியிருந்தது செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், காசியம்மாள் வீட்டின் பின்பகுதியில். ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. கைக்குழந்தையாக வந்த கவிநிலா நடக்கப் பழகியது அங்கேதான். அவள் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில். காசியம்மாள் முன்பகுதியில் தனியாக இருந்தாள். புருஷன் இல்லை. ஒரே மகன் அருண்பிரசாத் பெங்களூரில் கம்பெனி வேலை. அந்த அம்மாள் கறார் பேர்வழி. துணி காயப்போடும் கொடியில் அவள் பக்கத்துக்கு ஒரு தாவணி நுனி வந்தாலும் சத்தம் கேட்கும்.

சித்திரையில் ஒரு காலை அவள் பின்பக்கம் வந்து நின்றாள். மணிமொழி கடைக்குப் போயிருந்தாள். குமரேசன்தான் இருந்தான்.

"குமரேசா, நீங்க வேற வீடு பாத்துக்கணும்பா. அருணு மொத்த வீட்டையும் இடிச்சு ரூம் ரூமா கட்டப் போறானாம். தீபத்துக்குள்ள முடிக்கணுமாம்."

குமரேசனுக்குக் கண் முன்னால் மகளின் பரீட்சை வந்தது. பக்கத்தில் விசாரித்தால் சொல்கிற வாடகை வந்தது. ஊருக்கு வெளியே போனால் மகள் இரண்டு பஸ் மாறி வரவேண்டியது வந்தது. அத்தனையும் ஒரே நேரத்தில் வந்ததில் வாய் திறந்துகொண்டது.

"எப்டிம்மா மாத்தறது? அவ முழுகாம இருக்காளே!"

காசியம்மாள் அப்படியே நின்றாள். புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டை மாற்றக் கூடாது, இடிக்கக் கூடாது, ஆணிகூட அடிக்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் அதைச் சட்டம் மாதிரி பார்ப்பார்கள். அடுத்த நிமிடம் அந்தக் கறார் முகம் இளகியது.

"இவ்ளோ வருஷம் கழிச்சா? அண்ணாமலையாரே! சரி சரி, பொறக்கட்டும். அருணு கிட்ட நான் சொல்லிக்கறேன்."

சாயங்காலம் விஷயம் தெரிந்தபோது மணிமொழி கையில் கிடைத்த முறத்தை எடுத்துக்கொண்டு புருஷனைத் துரத்தினாள். கவிநிலா இரண்டு நாள் அப்பாவிடம் பேசவில்லை. "ஸ்கூல்ல தெரிஞ்சா என் மானமே போயிடும்பா," என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று மணிமொழி முடிவு செய்தாள்.

ஆனால் மறுநாள் காலையிலேயே காசியம்மாள் ஒரு கிண்ணத்தில் நாரத்தங்காய் ஊறுகாயோடு வந்து நின்றாள். அதற்கடுத்த நாள் கிளிமூக்கு மாங்காய், உப்பு மிளகாய்த்தூள் தடவி. மணிமொழி தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் முன்பக்கத்திலிருந்து குரல் வரும்: "வெய்யிடி அத! பொண்ணு எதுக்கு இருக்கா, தூக்கட்டும்!" கடையிலிருந்து திரும்பினால், "நின்னுக்கினே இருந்தியா? காலு வீங்கிச்சா? உக்காரு," என்று வெந்நீர் வைத்துக் கொடுப்பாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கவிநிலா வயிற்றில் இருந்தபோது மணிமொழிக்கு என்ன சாப்பிடத் தோன்றுகிறது என்று யாரும் கேட்டதில்லை. தாய் வீட்டில் தாய் இல்லை, மாமியார் வீட்டில் நெல் அறுப்பு. ஒன்பதாம் மாதம்வரை தானே தண்ணீர் சுமந்தாள். இப்போது ஒன்றுமே இல்லாத வயிற்றுக்கு இத்தனை கவனிப்பு. அந்த வெந்நீரில் கால் வைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது, நிறுத்திவிடச் சொல்லவும் மனம் வரவில்லை. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று உண்மையைத் தள்ளிப்போட்டாள்.

வைகாசி பாதியில் காசியம்மாள் ஒரு பழைய வெள்ளைப் புடவையைக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தையைச் சுற்றப் புதுத் துணி ஆகாதாம், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனதுதான் உடம்பில் உறுத்தாதாம். மணிமொழிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கீழே உட்கார்ந்து அந்தத் துணியின்மேல் கை வைத்தாள்.

"அம்மா, பொய்ம்மா. ஒண்ணும் இல்ல. அவரு பயத்துல சொல்லிட்டாரு. நானும் சொல்லாம இருந்துட்டேன். உங்க கால்ல விழறேன்."

காசியம்மாள் துணியை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் அந்தக் கதவு அவர்கள் பக்கம் திறக்கவில்லை. மணிமொழி கடைக்கு லீவு போட்டுவிட்டுப் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். வீடு பறிபோவதைவிட அந்த அம்மாள் அப்படி எழுந்து போனதுதான் அவளை அறுத்தது. மூன்றாம் நாள் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"யார் கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்லம்மா."

"சொல்லாத." காசியம்மாள் சாக்கை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். "உன் மேல கோவம்தான். ஜாஸ்தியாவே கோவம். ஆனா கேளு. ரூம் கட்டனதும் என்ன பெங்களூருக்கு இட்னு போறானாம். பதினோராவது மாடி. போன தடவ போயி பத்து நாள் இருந்தேன். காலைல அவனும் அவன் பொண்டாட்டியும் வேலைக்குப் போனா சாயங்காலம்தான் மனுஷ மூஞ்சி. நீ மாசமா இருக்கன்னதும் அவன் வாயே தொறக்கல. நான் இங்கயே இருக்கேன்னு என் வாயால சொன்னா, வயசான காலத்துல பெத்த புள்ளைக்குத் தொல்லைன்னு ஆயிடும். நீ மாசமாவே இரு."

மணிமொழிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "எத்தினி நாளைக்கும்மா?"

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து அந்தப் பொய்யில் இருவரும் கூட்டு. தெருவில் யாராவது விசாரித்தால் காசியம்மாளே முந்திக்கொண்டு, "மசக்க ஓவரா இருக்குது, தொந்தரவு பண்ணாதீங்க," என்று துரத்தினாள். மாங்காய் வருவது நிற்கவில்லை. இருவரும் சேர்ந்தே சாப்பிட்டார்கள்.

ஆனி மாதம் அருண்பிரசாத் ஒரு மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினான். அளவு மட்டுமாவது எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று. கெட்டவன் இல்லை. மணிமொழிக்கு ஒரு பை நிறைய மாதுளம்பழம் வாங்கி வந்திருந்தான். மேஸ்திரி டேப்பைப் பிரித்து ஒரு சுவரை அளந்தார். பின்பக்கம் வந்தவர் மணிமொழியின் கையில் மாதுளையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"வீட்ல யாராச்சும் மாசமா இருக்காங்களா?"

"ஆமா, இந்த அக்காதான்," என்றான் அருண்பிரசாத்.

மேஸ்திரி டேப்பைச் சுருட்டிவிட்டார். "அப்போ நான் கை வெக்க மாட்டேன் சார். எத்தினாவது மாசம்மா? அதுக்கேத்த மாதிரி ஆளுங்கள வெச்சிக்கறேன்."

"நாலு," என்றாள் காசியம்மாள்.

"ஆறு," என்றாள் மணிமொழி, அதே மூச்சில்.

மேஸ்திரி எதையோ சட்டென்று புரிந்துகொண்டு டீ குடித்துவிட்டு வருவதாகப் போய்விட்டார். அருண்பிரசாத் அம்மாவைப் பார்த்தான். பள்ளிக்கூடக் காலத்தில் அவன் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் எப்படி நிற்பானோ அப்படி நின்றுகொண்டிருந்தாள் காசியம்மாள், புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு.

"என்னம்மா இது?"

"எனக்கு அங்க வர இஷ்டம் இல்லடா."

அவ்வளவுதான் சொன்னாள். சொன்னதும் கறார் காசியம்மாள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அருண்பிரசாத் பக்கத்தில் போய் நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தோளைத் தட்டினான். அவன் கண்ணும் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மணிமொழியின் பக்கம் திரும்பினான். அவன் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான்.

"அம்மாதான் சொல்லல. நீங்களாச்சும் ஒரு போன் போட்டு, எங்களுக்கு இந்த வீடுதான் புடிச்சிருக்குது, போக மனசில்லன்னு சொல்லியிருக்கலாமே அக்கா? நான் என்ன முடியாதுன்னா சொல்லப் போறேன்?"

மணிமொழி மாதுளைப் பையைக் கீழே வைத்தாள்.

"வாடகைக்கு இருக்கறவங்க அதெல்லாம் எப்டி தம்பி சொல்றது? காலி பண்றீங்களான்னா சரின்னு சொல்லலாம். கொஞ்சம் டைம் குடுங்கன்னு கேக்கலாம். புடிச்சிருக்குதுன்னு சொல்ல எங்களுக்கு என்ன இருக்குது?"

அவன் வெளியே போய் டீக்கடையில் இருந்த மேஸ்திரியிடம், மாடியில் மட்டும் அறை போட்டால் எவ்வளவு ஆகும், கீழே எதையும் தொடவேண்டாம் என்று பேசிக்கொண்டிருந்தான். காசியம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு, மத்தியானத்துக்கு எல்லோருக்கும் சேர்த்து அரிசி களைய உட்கார்ந்தாள்.